க்ரோகஸ் மேட்டில் தளம் போட்ட நாள்

அந்தச் சிப்பாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். 1969ஆம் வருடம் மார்ச் பத்தொன்பது, புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். கீழே எங்கள் அங்குவில்லாத் தீவின் க்ரோகஸ் கடற்கரைக்கு அப்பால் இரண்டு போர்க்கப்பல்கள் நின்றிருந்தன. சற்று முன்னால் கரையில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்ததைப் பார்த்து, சண்டை தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது முன்கூட்டியே வந்து காத்திருந்த பத்திரிகைக்காரர்களின் கேமரா வெளிச்சம். எதிர்த்துச் சுட ஒரு ஆள்கூட இல்லாத கரையில் பிரிட்டிஷ் பட்டாளம் படம் எடுத்துக்கொண்டு இறங்கியது. ஆடுகள் வேடிக்கை பார்த்தன. பிறகு சிவப்புத் தொப்பிக்காரர்கள் மேட்டில் ஏறி வந்து வீடு வீடாகத் தேட ஆரம்பித்தார்கள். மேட்டுச் சாலையில் என் வீடு இரண்டாவது.

அதற்கு மூன்று நாள் முன்னால் பூங்காத் திடலில் நடந்த கூட்டத்தில் நான் லாரி மேல் ஏறி நின்று பேசியிருந்தேன். "வெள்ளைக்காரன் எங்க மேட்டுல ஏறணும்னா இந்த ஹெஸ்ரன் ரோம்னியோட பிணத்தைத் தாண்டித்தான் ஏறணும்!" கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. நான் கொத்தனார். மழைநீர்த் தொட்டி கட்டுவதுதான் என் தொழில். ஆறு இல்லை, ஓடை இல்லை என்கிற ஒரு தீவில் தொட்டி கட்டுகிறவனுக்கு மரியாதை உண்டு. ஆனால் எனக்கு அது போதவில்லை. பேச்சாளன் என்ற பேரும் வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக எந்தக் கூட்டம் நடந்தாலும் அந்த லாரி மேல் என்னைப் பார்க்கலாம்.

அந்தப் பிணம் அன்று காலையில் என்ன செய்தது தெரியுமா? வாயில் இருந்த நுரையை அவசரமாகத் துப்பியது. பனியனால் வாயைத் துடைத்துக்கொண்டது. ஓடிப்போய் வாசல் கதவை அகலமாகத் திறந்துவிட்டது.

"குட் மார்னிங் சார்," என்றேன்.

"குட் மார்னிங். வீட்டுல ஆயுதம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்லைங்க சார். கரணையும் சம்மட்டியும்தான் இருக்கு. நான் கொத்தனாருங்க. ரொம்ப தூரம் ஏறி வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா சார்? நம்ம தொட்டித் தண்ணி. நானே கட்டின தொட்டி. குடிச்சுப் பாருங்க, தீவிலேயே இந்த மாதிரி தண்ணி கிடைக்காது."

தண்ணீர் வேண்டுமென்று அவன் கேட்கவில்லை. முப்பது வயதிருக்கும், மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. துப்பாக்கி தோளில் தொங்கியது. நான் எனாமல் குவளையைக் கழுவி, நிறைய மொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். கொஞ்சம் குனிந்தேன் என்றும் சொல்ல வேண்டும். சிரித்தேன் என்றும் சொல்ல வேண்டும். அவன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு குவளையை வாங்கினான். அதற்கு ஒரு கணம் முன்னால் சாலையிலிருந்து ஒரு வெளிச்சம் அடித்தது. அவன் பின்னாலேயே ஒரு கேமராக்காரன் ஏறி வந்திருந்தான்.

அவர்கள் போன பிறகு சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தேன். என் மனைவி லியோனி நின்றிருந்தாள். கையில் கரி அள்ளும் தகரம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"முதுகு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அங்குவில்லாவில் யாரைப் பார்த்தாலும் முகமன் சொல்லாமல் கடக்க முடியாது. பகையாளி என்றாலும் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் பகையைத் தொடர வேண்டும். சொல்லாமல் போனவனைப் பற்றி அவன் பேரப்பிள்ளை கல்யாணத்தில்கூடப் பேசுவார்கள். வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விடுவதும் இல்லை. ஆகவே குட் மார்னிங் எங்கள் வழக்கம். தண்ணீரும் எங்கள் வழக்கம். ஆனால் அந்த 'சார்' எங்கள் வழக்கம் இல்லை. அது என் அப்பா சான்டோ டொமிங்கோ கரும்புக் காட்டில் கங்காணிக்குச் சொன்ன சார், நான் பிஞ்சு வயதில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குச் சொன்ன சார். இரண்டு வருடம் லாரி மேல் நின்று கத்தியதில் அது கரைந்துபோயிருக்கும் என்று நம்பியிருந்தேன். பல் விளக்கி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது.

நாங்கள் அப்படி என்ன கேட்டுவிட்டோம்? எழுபது மைல் தள்ளி இருக்கும் செயின்ட் கிட்ஸ் தீவின் வாலாக எங்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது, ஒரு டெலிபோன் கிடையாது. எது வேண்டுமென்றாலும் அங்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். 1967இல் இங்கிலாந்து போகிற போக்கில் அந்தத் தீவுக்கு அரைச் சுதந்திரம் கொடுத்து, எங்களையும் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. அந்த மே மாதம் அவர்களுடைய போலீஸ்காரர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினோம். வேறு விமானம் இறங்காதபடி விமானத் தளத்தில் எண்ணெய் பீப்பாய்களை உருட்டிவிட்டு முறைபோட்டுக் காவல் காத்தோம். ஜூலையில் ஓட்டுப் போட்டோம். பிரிந்து போக ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று ஓட்டு, வேண்டாமென்று ஐந்து ஓட்டு. அந்த ஐந்து பேர் யார் என்று ஊர் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறது. எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம், விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. பேச வந்த லண்டன் துரையை நாங்கள் திருப்பி அனுப்பியதும், பட்டாளத்தை அனுப்பினார்கள். இன்றைக்கு எங்களுக்கென்று கொடி உண்டு, சட்டசபை உண்டு, முதலமைச்சர் உண்டு. அந்தக் கதையைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதில் என் பங்கை மட்டும் யாரும் சரியாகச் சொன்னதில்லை. நானும் வாய் திறந்ததில்லை.

பட்டாளம் இறங்கிய நாலாம் நாள் பத்திரிகை வந்தது. கத்பர்ட் வான்டர்பூல் தன் படகில் பக்கத்துத் தீவுத் துறைமுகமான மரிகோவுக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வந்திருந்தான். மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். என்னுடையது ஏறிப் போய், லண்டனில் அச்சாகி, திரும்பியும் கப்பலில் வந்தது. மிஸ் அட்டலீன் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மிஸ் அட்டலீன் கடைக்காரி. மாவும் மண்ணெண்ணெயும் ரம்மும் விற்பாள், ஊர் நியாயமும் அவள் கடையில்தான் நடக்கும். நான் ஆணி வாங்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கத்பர்ட் பத்திரிகையைக் கல்லா மேல் விரித்தான். முதல் பக்கத்தில் பாதியை என் படம் அடைத்திருந்தது. குனிந்த முதுகு, இரண்டு கையில் குவளை, முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. சிப்பாயின் ஒரு தோளும் ஒரு கையும் மட்டும் ஓரத்தில் விழுந்திருந்தன. அடியில், பட்டாளத்தைத் தீவு மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

"ஹெஸ்ரன்," என்றான் கத்பர்ட், "உன் பிணம் நல்லா சிரிக்குதுடா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். நானும் சேர்ந்து சிரித்து, ஒரு சுற்று ரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வாய்க்கொழுப்பு அடங்கியவனாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் மிஸ் அட்டலீன் அந்தப் படத்தைப் பார்த்த பார்வை யாரையும் சிரிக்க விடவில்லை. அவள் தம்பி ஆறு மாதம் விமானத் தளத்தில் மழையிலும் பனியிலும் காவல் காத்து, மார்ச்சளி பிடித்துப் படுத்தவன்.

"துப்பாக்கியை நெஞ்சுல வச்சான்," என்றேன்.

"யாரு?"

"அந்தச் சிப்பாய்தான். வேற யாரு."

கத்பர்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணும் தெரியலையே."

"படத்துக்கு முன்னாடி வச்சான். தண்ணி கொண்டாடான்னான்."

"அப்புறம் ஏண்டா சிரிக்கிறே?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. "சிரின்னான். சிரிச்சேன்."

மிஸ் அட்டலீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்கச் சொன்னானா? துப்பாக்கியை வச்சுக்கிட்டு மனுஷனைச் சிரிக்கச் சொன்னானா?" அவள் கண் கலங்கிவிட்டது. கத்பர்ட் பத்திரிகையை மடித்தான். மடித்த பிறகு என் தோளில் கை வைத்தான். அந்தக் கையின் பாரம் எனக்கு இதமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பொய் சொன்ன கூச்சம் வரவே இல்லை. வெயிலில் நடந்து வந்து நிழலில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தேன்.

ஒரு வாரத்தில் அது தீவு முழுக்கப் பரவியது. பட்டாளத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் என்னை முன்னால் நடக்க விட்டார்கள். ஒரு பெண் அட்டையில் 'துப்பாக்கி முனையில் புன்னகை' என்று எழுதிப் பிடித்திருந்தாள். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது கதை கொஞ்சம் வளர்ந்தது. துப்பாக்கிக் குழல் குளிர்ந்திருந்தது என்று மூன்றாவது ஆளிடம் சொன்னேன். நாலாவது ஆளிடம் அந்த இடத்தைத் தொட்டே காட்டினேன்.

ஒருநாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்த லியோனி தலை நிமிராமல் சொன்னாள்.

"அவன் தொப்பியைக் கழட்டிட்டுத்தான் தண்ணி வாங்கினான். நான் பாத்தேன்."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லை. நம்ம ஊர் ஆளு யாரும் உங்ககிட்ட தண்ணி வாங்கறப்ப தொப்பியைக் கழட்டினதில்லை. அதான் சொன்னேன்."

"லியோனி, இது அரசியல். உனக்குப் புரியாது."

"ஆமாமா. எனக்கு ஜன்னல் வழியா தெரிஞ்சதுதான் புரியும்," என்றாள். உரித்த துவரையை முறத்தில் புடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காலையில் எழுந்ததும் குட் மார்னிங் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு கத்பர்ட் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் கிழக்குப் பக்கத்து அறைக்குச் சுவர் எழுப்பி ஏழு வருடம் ஆகியிருந்தது. மேலே தளம் இல்லை. ஊருக்கெல்லாம் தொட்டி கட்டியவன் வீட்டில் ஒரு அறை வானம் பார்த்துக் கிடந்தது. தளம் போடுவது ஒரு நாளில் முடிய வேண்டிய காரியம், நாற்பது கை வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் கூட்டு வேலை வைப்பார்கள். ஜாலிஃபிகேஷன் என்று அதற்குப் பெரிய பெயர். கூலி இல்லை, வீட்டுக்காரன் ஆடு அடித்து, துவரைச் சோறு பொங்கி, ரம் ஊற்ற வேண்டும். ஆனால் கூப்பிட்டவுடன் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். ஊருக்கு ஒருவனைப் பிடித்திருந்தால் வருவார்கள். எனக்கு வாய் அதிகம் என்பதால் ஏழு வருடமாக நான் கூப்பிடத் துணிந்ததில்லை.

"எத்தனை மூட்டை சிமெண்டு வேணும், சொல்லு," என்றான் கத்பர்ட். "மத்ததை நாங்க பாத்துக்கறோம். நீ எங்களுக்காகத் துப்பாக்கி முன்னாடி நின்னவன்டா."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு மூட்டை என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வர ஆரம்பித்தவர்கள் எட்டு மணிக்குள் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டார்கள். தீவின் கிழக்குக் கோடி ஊரான ஐலண்ட் ஹார்பரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொருவரும் கிட்டே வந்து, குட் மார்னிங் சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய் மண்வெட்டியை எடுத்தார்கள். முந்தின நாளே பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி வைத்திருந்தோம். கீழே மணலும் ஜல்லியும் சிமெண்டும் கலக்க, பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்று வாளி வாளியாக ஏணி வரை கைமாற்ற, கத்பர்ட் ஏணியின் உச்சியில் நின்று வாங்கி என்னிடம் கொடுக்க, நான் கொட்டி மட்டப்பலகையால் இழுத்தேன். மாமரத்தடியில் லியோனி மூன்று அண்டா வைத்திருந்தாள். மிஸ் அட்டலீன் கடையைப் பூட்டிவிட்டு வந்து வெங்காயம் நறுக்கினாள். என் வீட்டு வாசலில் இத்தனை சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

பாதித் தளம் முடிந்திருந்தபோது ஜீப் வந்தது.

ஒரு மேஜர், நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒரு லண்டன் போலீஸ்காரர், கூட அந்தச் சிப்பாய். மூக்கில் தோல் முழுக்க உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. இடுப்பில் பெல்ட் இல்லை, தொப்பி இல்லை. அவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே புரிந்தது. மேஜர் மரியாதை தெரிந்த ஆள். வேலையைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். நான் இறங்கி வந்தேன். வரிசையில் நின்றவர்கள் அவரவர் இடத்திலேயே வாளியைப் பிடித்தபடி நின்றார்கள்.

"மிஸ்டர் ரோம்னி, நீங்க பத்திரிகையில சொன்ன விஷயம் லண்டன் வரைக்கும் போயிருக்கு. ஆயுதம் இல்லாத ஒருத்தர் நெஞ்சுல துப்பாக்கியை வச்சது நிஜம்னா, டென்பிக்கு ராணுவக் கோர்ட்டு, சிறை. நிஜமில்லைன்னா இப்பவே அவர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துடுவேன். உங்க வாயால கேக்கணும். வச்சாரா?"

டென்பி என்பது அவன் பெயர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ கணக்கில் தப்பு நடந்துவிட்டது, இந்த ஆள் வந்து சரிசெய்துவிடுவார் என்று நம்புகிறவன் மாதிரி பார்த்தான்.

"துப்பாக்கி..." என்றேன். "துப்பாக்கி தோள்லதான் தொங்கிச்சு."

சொல்லிவிட்டேன். சத்தமாக இல்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த பதில் நான் எதிர்பார்க்காதது.

"பயப்படாதே ஹெஸ்ரன்!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே நாலு பக்கமிருந்தும் குரல்கள். "நாங்க இருக்கோம்! சொல்லு!"

மிஸ் அட்டலீன் கையில் வெங்காயக் கத்தியோடு முன்னால் வந்தாள். "துரை, அவர் கையைப் பாருங்க, எப்படி நடுங்குது. பட்டாளத்தானைக் கொண்டாந்து எதிர்ல நிறுத்தி வச்சுக்கிட்டு கேட்டா மனுஷன் என்ன சொல்லுவான்? நான் சொல்றேன், எழுதிக்குங்க. நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் கடை அரை மைல் தள்ளி இருக்கிறது.

"நானும் பாத்தேன்," என்றான் ஏணியிலிருந்து கத்பர்ட். "வேலியோரமா ஆட்டை அவுத்துக்கிட்டிருந்தேன். துப்பாக்கியை வச்சு அழுத்தினான். பைபிளைக் கொண்டாங்க, சத்தியம் பண்றேன்."

அவன் வீடு தீவின் தெற்குக் கரையில். அன்று காலை அவன் இந்த மேட்டுப் பக்கமே வரவில்லை. போலீஸ்காரர் எழுதினார். இன்னும் இரண்டு பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ஐலண்ட் ஹார்பர்க்காரன் ஒருவன், எனக்குப் பேர்கூடத் தெரியாதவன், தானும் பார்த்ததாகச் சொன்னான். எனக்காக வேலைக்கு வந்தவர்கள், எனக்காக நரகத்துக்குப் போகவும் தயாராக வரிசையில் நின்றார்கள்.

மேஜர் அவர்களையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முட்டாள் இல்லை அவர். "நீங்க துப்பாக்கி தோள்ல இருந்ததுன்னு சொல்றீங்க. அப்ப, அந்தத் தண்ணியை நீங்களா இஷ்டப்பட்டுக் கொடுத்தீங்களா? அந்தப் படத்துல நீங்களாத்தான் சிரிச்சீங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். என் உண்மையை அவர்கள் நம்ப வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஆமாம், நானாகத்தான் ஓடினேன். நானாகத்தான் குனிந்தேன். யாரும் மிரட்டவில்லை. மிரட்டாமலே அப்படித்தான் செய்தேன். நாற்பது முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிமெண்டு படிந்த முகங்கள். என் தலைக்கு மேல் அவர்கள் போட்டுக்கொடுத்த பாதித் தளம் ஈரமாக இருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க சார்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த 'சார்' என் காதிலேயே விழுந்தது.

டென்பி அப்போது என்னை விட்டுவிட்டு மாமரத்தடியைப் பார்த்தான். அன்று ஜன்னலில் நின்ற பெண்ணை அவன் கவனித்திருக்கிறான். மேஜரும் அவன் பார்வையைப் பின்தொடர்ந்து பார்த்தார். "அன்னிக்கு வீட்டுல வேற யாரும் இருந்தாங்களா?"

லியோனி கையில் அகப்பையோடு நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். எனக்கு அந்த வாயைத் தெரியும், இருபத்தொரு வருடப் பழக்கம்.

"என் பெண்டாட்டி தூங்கிக்கிட்டிருந்தா," என்றேன் நான், அவளை முந்திக்கொண்டு. இந்த முறை சத்தமாகவே சொன்னேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊர் முன்னால், என் வாசலில், என்னைப் பொய்யனாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிறகு ஜீப் போய்விட்டது. பின் இருக்கையில் டென்பி எங்கள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம், சீக்கிரம்! கலவை இறுகுது!" என்று யாரோ கத்தினார்கள். உண்மைதான். கலவை யாருக்காகவும் காத்திருக்காது. நடுவில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் விரிசல் விட்டு, ஆயுசுக்கும் ஒழுகும். நான் ஏறினேன். வரிசை நகர ஆரம்பித்தது. கத்பர்ட் வாளியைக் கொடுத்தான். நான் அதை வாங்காமல் அவன் முகத்தருகே குனிந்தேன்.

"கத்பர்ட், அவன் துப்பாக்கியை வைக்கலைடா. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றான் அவன். வாளியை என் கையில் திணித்தான். "பிடி."

"தெரியுமா?"

"கடையில நீ சொன்னப்பவே தெரியும்." அடுத்த வாளிக்காகக் கீழே குனிந்தவன் அங்கிருந்தே பேசினான். "எங்க வீட்டுக்கும் ரெண்டு பேர் வந்தாங்க. நான் நாற்காலியைத் துடைச்சுப் போட்டேன். உக்காருங்க சார்னேன். நல்லவேளை, அங்க கேமரா வரலை." நிமிர்ந்தான். "இங்க இருக்கிறவன்ல பாதிப் பேரு வீட்டுல இதே கதைதான்டா. உன்னைத் துப்பாக்கி மிரட்டுச்சுன்னா எங்களையும் மிரட்டுச்சுன்னு ஆகும். கொட்டு, கொட்டு, இறுகுது."

கொட்டினேன். மட்டப்பலகையை இழுத்தேன். அந்த நிமிடம் எனக்குள் என்னவோ இளகியது. தனியாக இல்லை நான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பெல்ட் இல்லாமல் ஒருவன் ஜீப்பில் போகிறான். இங்கே நாங்கள் நாற்பது பேரும் ஒருவர் வெட்கத்தை ஒருவர் பூசி மெழுகிக்கொண்டிருக்கிறோம். இருந்தும் கை நிற்கவில்லை. நல்ல வேலைக்காரக் கை, அது பாட்டுக்கு வழித்து வழித்து மட்டம் பார்த்தது.

அப்போது வீட்டுப் பின்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மேலேயிருந்து பார்த்தேன். லியோனி சமையல் துணியை அவிழ்த்துவிட்டு, மாதாகோவிலுக்குப் போடும் நீல உடுப்பை மாட்டியிருந்தாள். நீலத் தொப்பி. காலில் ஷூ. வேலை நாளில் அவள் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை. கொதிக்கிற அண்டாவை மிஸ் அட்டலீனிடம் விட்டுவிட்டு வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள். வலது பக்கம் போனால் கடல். இடது பக்கம் போனால் பள்ளத்தாக்கு என்றே பெயருள்ள எங்கள் தலைநகர். பட்டாளம் கூடாரம் அடித்திருப்பது அங்கேதான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. சுண்ணாம்புக் கல் சாலை கண்ணைக் கூச வைத்தது. அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவருக்குக் கை உயர்த்தினாள். எதிரே கழுதையோடு வந்தவனுக்குத் தலையசைத்தாள். ஒரு வீட்டையும் விடாமல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்று முகமன் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்தாள்.

நான் கூப்பிட்டிருந்தால் அவள் காதில் விழுந்திருக்கும். இறங்கி ஓடியிருந்தால் இரண்டாவது வளைவில் பிடித்திருப்பேன். பிடித்துத் தடுத்திருக்கலாம். கூடவே நடந்தும் போயிருக்கலாம்.

கத்பர்ட் வாளியோடு நிமிர்ந்தவன் சாலையைப் பார்த்தான். வரிசையில் நின்ற ஒன்றிரண்டு தலைகளும் திரும்பின.

"லியோனி எங்கடா போறா, இந்த வெயில்ல?"

"உப்பு தீந்துபோச்சாம்," என்றேன்.

அவன் சாலையிலிருந்து முகத்தைத் திருப்பினான். வாளியை நீட்டினான். நான் வாங்கிக் கொட்டினேன். அடுத்த வாளியை நீட்டினான். அதையும் வாங்கினேன். நீலத் தொப்பி மூன்றாவது வளைவில் சின்னதாகத் தெரிந்தது. அங்கேயும் யாருக்கோ கை உயர்ந்தது.